காளை அண்ணனின் நாப்

அவனியாபுரம்,
25.10.88

அன்பு மாப்ள காசிமாயனுக்கு, உன் மச்சான் முத்திருளன் எழுதுவது. நானும் உன் அக்கா சோலையம்மாளும் நீ கோயம்புத்தூரில் பிடித்துக்கொடுத்த கம்ப்யூட்டர் லேத்தும் சௌக்கியம். அங்கே உன் உடம்புக்கும் வாய்க்கொழுப்புக்கும் ஒரு குறையும் இராது என்று நம்புகிறேன்.

"வேகத்தைக் கூட்டக் குறைக்க டைப் அடிச்சாப் போதும் மச்சான், திருகுறதுக்கு நாப் என்னத்துக்கு, இது என்ன ரேடியோவா?" என்று சிரித்தாயே, கேள். முப்பது வருஷமாகக் காதாலேயே லேத் ஓட்டுகிற நம்ம காளை அண்ணன், இரும்பு கிறீச்சிட்டதும் "குறை, குறை" என்று கத்துவார். கீபோர்டில் இருக்கும் உன் அக்கா எண்ணைத் தேடித் தட்டுவதற்குள் டூல் முனை உடைந்துவிடும். இப்படி நாலு டூல் போச்சு. "பம்பு கம்பெனிக்காரர் ஷாப்ட் பாக்க வாரதுக்குள்ள கையில பிடிக்க ஒரு நாப் வையி, இல்லேன்னா நான் வாரேன்" என்று துண்டை உதறிவிட்டார். அண்ணன் போனால் பம்பு கம்பெனி ஆர்டர் போச்சு, ஆர்டர் போனால் மிஷினையே விற்கணும்.

பழங்காநத்தம் ரேடியோ ரிப்பேர் யூனுஸ் பாயைக் கூட்டி வந்தேன். மூணு நாள் உன் இங்கிலீஷ் புத்தகத்தோடு மல்லுக்கட்டி, ஒரு ரேடியோ நாப் சொல்வதைக் கம்ப்யூட்டர் கேட்கும்படி ஒயர் இழுத்தார். முதல் தடவை குறைக்கத் திருகினால் மிஷின் ஏரோப்ளேன் மாதிரி எகிறியது. காளை அண்ணன் டீ கிளாஸோடு ரோட்டுக்கே ஓடிவிட்டார். "ரெண்டு ஒயரு இடம் மாறிருச்சு அண்ணே, அம்புட்டுத்தேன்" என்று பாய் மாற்றிக் கொடுத்தார். ஆயுத பூஜைக்கு உன் அக்கா நாப்பைத் துடைத்துச் சந்தனம், குங்குமம் வைத்தாள். நேத்து கம்பெனிக்காரர் வந்தார். உன் அக்கா வழக்கம்போலக் கீபோர்டு முன்னால உக்காந்திருக்கா; அண்ணன் கண்ணை மூடி நாப்பை நூலளவு திருப்புறார், சத்தம் அப்பிடியே அடங்குது மாப்ள! பத்து ஷாப்ட்டும் பாஸ், ஆர்டர் நமக்கே. எனக்கு அழுகையே வந்துருச்சு. இனிமே கீபோர்டுக்கு ஆள் எதுக்கு? திங்கக்கிழமையிலிருந்து வீட்டிலேயே இருந்துக்க என்று உன் அக்காவிடம் சொல்லிவிட்டேன்.

தீபாவளிக்கு வந்து நாப்பைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போ. திருப்பரங்குன்றத்து முருகன் உனக்கு முதலில் நல்ல புத்தியும் பிறகு நல்ல பெண்ணும் கொடுப்பானாக.

இப்படிக்கு,
உன் மச்சான் முத்திருளன்

பி.கு: தம்பி, அக்கா எழுதுறேன். தபாலில் போடச் சொல்லி என்கிட்டதான் கொடுத்தார். பூஜையன்னிக்குத் துடைக்கும்போதே அந்த நாப் ஒயர் என் கையோட வந்துருச்சு. அன்னையிலிருந்து அது சும்மாதான் சுத்துது. இப்ப எனக்கு எண்ணெல்லாம் பழகிருச்சு; காளை அண்ணன் தோள் அசையும்போதே தட்டிருவேன். பத்து ஷாப்ட்டும் அப்படித்தான். திங்கக்கிழமை உங்க மச்சான் சொன்னபடியே நான் வீட்டில் இருக்கப் போறேன். தீபாவளி வரைக்கும் காத்திருக்காதே; அன்னைக்கே வா, வேடிக்கை பார்க்கலாம்.