தேவாங்கின் எரர் லாக்கும் கரடியின் தேன்பானையும்

ஒரு காட்டில் ஒரு சிங்கராஜாவும் ஒரு கம்ப்யூட்டரும் இருந்தார்கள். ராஜா பெரும்பாலும் தூங்கினார். காட்டை நடத்தியது கம்ப்யூட்டர்தான். எந்தப் பொந்து யாருக்குச் சொந்தம், எந்த வளையில் யார் குடித்தனம் என்ற விவரமெல்லாம் அதற்குள் இருந்த ஒரே ஒரு ஹார்ட் டிஸ்கில் இருந்தது.

அதைப் பார்த்துக்கொள்ள மாசிலாமணி என்ற தேவாங்கை வேலைக்கு வைத்தார்கள். கண் பெரிதாக இருந்ததுதான் அதன் தகுதி. தற்காலிக வேலை. ஒரு வருஷம் கெட்ட பெயர் எடுக்காமல் ஓட்டிவிட்டால் நிரந்தரம் என்று சொல்லியிருந்தார்கள்.

இந்த டிஸ்க் இருக்கிறதே, தனக்கு உடம்பு சரியில்லையென்றால் அதுவே ஒரு வரி எழுதி வைத்துவிடும். அந்த வரிகளுக்கு எரர் லாக் என்று பெயர். மாசிலாமணிக்கு முன்னால் அந்த வேலையில் இருந்த வௌவால் அதை ஒருநாளும் திறந்ததில்லை. நிம்மதியாகத் தலைகீழாகத் தொங்கிவிட்டு, ஓய்வு பெற்று, பென்ஷனோடு வீடு போய்ச் சேர்ந்தது. மாசிலாமணி உலகம் தெரியாத பிராணி. சேர்ந்த முதல் நாளே திறந்து படித்துவிட்டது.

‘புங்கமரப் பகுதியைப் படிக்க முடியவில்லை’ என்று மூன்று வரிகள் இருந்தன. மறுநாள் அது ஏழாயிற்று. மாசிலாமணியின் மனைவியும் இரண்டு குட்டிகளும் குடியிருந்த பொந்து அந்தப் புங்கமரத்தில்தான் இருந்தது. டிஸ்க் போனால் பொந்தும் போச்சு.

அலுவலகத்துக்குத் தலைவர் உலகநாதக் கரடியார். மாசிலாமணி அவரிடம் ஓடியது. தேவாங்கின் ஓட்டம் தெரிந்ததுதானே, நான்கு மரம் தள்ளியிருந்த அறைக்குப் போய்ச் சேர மத்தியானம் ஆகிவிட்டது. மூன்று வருஷத்துக்கு முன் வாங்கிய புது டிஸ்க் ஒன்று சும்மாதான் இருக்கிறது, எல்லாவற்றையும் அதில் ஒரு பிரதி எடுத்துவிட்டால் போதும் என்று மன்றாடியது. அந்தப் புது டிஸ்க் கரடியாரின் மேஜைமேல் தேன்பானைக்கு மூடியாக இருந்தது. எறும்பு போக இடமில்லாமல் கச்சிதமாகப் பொருந்தியிருந்தது.

“நீ வர்றதுக்கு முன்னாடி ஒரு எரராவது வந்துச்சா?” என்று கேட்டார் கரடியார்.

“அப்போ யாரும் லாக்கைத் தொறந்து பாக்கலைங்க ஐயா.”

“அதைத்தான் நானும் சொல்றேன்.”

கரடியாரை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. அந்தக் காட்டு வழக்கம் அப்படி. ஒவ்வொரு மாதக் கடைசியிலும் லாக்கில் எத்தனை பிழை என்று ஓலையில் எழுதி ராஜாவுக்கு அனுப்ப வேண்டும். எண்ணிக்கை கூடினால் லாக்கைப் படித்தவருக்கு மெமோ. ஒன்றுமே இல்லையென்றால் தலைவருக்கு மாலை. டிஸ்குக்கு என்ன ஆயிற்று என்று எழுத அந்த ஓலையில் இடமே விடவில்லை.

அதனால் கரடியார் எளிதான வழி ஒன்று வைத்திருந்தார். மாதக் கடைசியில் முதலில் லாக்கை அழித்துவிட வேண்டும், பிறகு எண்ண வேண்டும். மாசிலாமணி அப்படியே அழித்தது. எண்ணிப் பார்த்தது. ‘பிழைகள்: இல்லை’ என்று ஓலையில் எழுதிக் கையெழுத்தும் போட்டது. கரடியார் மாதம் தவறாமல் மாலை வாங்கினார்.

மனசு மட்டும் கேட்கவில்லை. நாளுக்கு நாள் லாக்கில் வரிகள் கூடக்கூட, மாசிலாமணி கரடியாருக்குக் கடிதம் எழுதியது. மொத்தம் நாற்பத்தொரு கடிதம். மரங்களைக் காப்போம் என்ற திட்டம் நடந்துகொண்டிருந்ததால் ராஜாவுக்குப் போகும் ஓலை தவிர மற்றதெல்லாம் கம்ப்யூட்டரில்தான் எழுத வேண்டும். நாற்பத்தொன்றையும் பத்திரமாக அதே டிஸ்கில் சேமித்து வைத்தது, பாவம்.

பத்தாம் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை டிஸ்க் இரண்டு தரம் கடகடத்துவிட்டு நின்றுபோனது. அன்றைக்கு லாக்கில் ஒரு வரிகூட வரவில்லை. “பாத்தியா, இன்னிக்கு அழிக்கிற வேலையும் மிச்சம்” என்றார் கரடியார்.

பதிவுகள் போய்விட்ட சேதி காடெங்கும் பரவியது. யாருக்குப் பல் பெரிதோ அவர்கள் பிடித்த பொந்து அவர்களுக்கு என்றாயிற்று. புங்கமரத்துப் பொந்தில் ஒரு மரநாய் ஏறி உட்கார்ந்துகொண்டது. மாசிலாமணியின் குட்டிகள் கிளையில் மழையில் நனைந்தன. அதைப் பார்த்து மாசிலாமணி வாய்விட்டு அழுதது.

சத்தத்தில் ராஜா விழித்துக்கொண்டார். விசாரணை வைத்தார். லாக்கைப் பார்ப்பது இவன் வேலை, இவன் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று கரடியார் கைகாட்டினார். நாற்பத்தொரு கடிதம் எழுதினேன் என்றது மாசிலாமணி. எங்கே என்று கேட்டார்கள். டிஸ்கில் என்றது. சபை சிரித்தது.

மந்திரி நரி மாதாந்திர ஓலைகளை எடுத்து வரிசையாக வாசித்தது. இல்லை, இல்லை, இல்லை. ஒவ்வொன்றிலும் மாசிலாமணியின் கையெழுத்து.

“பிழை இருந்துச்சா, இல்லையா?” என்றார் ராஜா.

மாசிலாமணி யோசித்தது. இருந்தது என்றால் ஓலையில் பொய் எழுதிய குற்றம். வேலை இன்றைக்கே போய்விடும். அந்தப் பெரிய கண்கள் முதல்முறையாக மூடிக்கொண்டன.

“இல்லைங்க ராஜா. டிஸ்க் கெட்டுப்போகலை. ஆயுசு முடிஞ்சுபோச்சு.”

கரடியார் பெருமூச்சு விட்டார். பிழை இல்லையென்றால் குற்றவாளியும் இல்லை, விசாரணையும் இல்லை. பத்து மாதம் ஒரு பிழைகூட வராமல் வேலை பார்த்த தேவாங்கை அந்த இடத்திலேயே நிரந்தரமாக்கிவிட்டு ராஜா தூங்கப் போனார்.

தேன்பானையிலிருந்து மூடியை எடுத்துத் துடைத்துக் கம்ப்யூட்டரில் மாட்டினார்கள். மறுநாள் காலையில் லாக்கில் ஏதோ வந்திருப்பதாகத் திரையில் ஒரு சிவப்புப் புள்ளி தெரிந்தது. திரையோரம் எறும்பும் ஊர்ந்தது. மாசிலாமணி எறும்பை மட்டும் தட்டிவிட்டது.

அன்றைக்கு வந்த முதல் மனு அதன் மனைவியுடையது. புங்கமரத்துப் பொந்து எங்களுடையது, மீட்டுத் தர வேண்டும் என்று கேட்டிருந்தது. விதிப்படி அப்படி ஒரு பதிவு கம்ப்யூட்டரில் இருக்கிறதா என்று மாசிலாமணிதான் பார்த்துச் சொல்ல வேண்டும். அது நெடுநேரம் தேடியது. பிறகு ‘பதிவு எதுவும் இல்லை, மனு நிராகரிக்கப்படுகிறது’ என்று ஒரு பிழையும் இல்லாமல் எழுதிக் கையெழுத்துப் போட்டது.

நீதி: எரர் லாக்கைப் படிப்பவனுக்கும் பொந்து போகும், படிக்காதவனுக்கும் பொந்து போகும். படிக்காதவனுக்கு மட்டும் பென்ஷன் உண்டு.