ஆட்டோவை மறைத்து மாட்டைக் காட்டிய கதை

தெரியாத வேலையைத் தெரியாது என்று சொல்ல நாக்கு வராத ஒரு வயசு உண்டு. எனக்கு அது இருபத்து நாலு. அப்போது தி.நகரில் ஒரு கல்யாண வீடியோ எடிட்டிங் கடையில் இருந்தேன். கம்ப்யூட்டரில் மிக்ஸிங் வந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. அதனால் மவுஸைப் பிடித்தவனெல்லாம் மேதை. (நான் கொஞ்சம் இறுக்கமாகவே பிடித்திருந்தேன்.)

என் நண்பன் சாதிக், அடையாறில் ஒரு மாடி அறையில் இரண்டு வருஷமாக ஒரு கம்ப்யூட்டர் கேம் செய்துகொண்டிருந்தான். பாண்டி பஜாரில் கிளம்பும் ஆட்டோ, நடுரோட்டில் படுத்திருக்கும் மாடுகளை இடிக்காமல் மயிலாப்பூர் குளத்துக்குப் போய்ச் சேர வேண்டும். அதை வாங்கலாமா என்று பார்க்கப் பெங்களூர் கம்பெனி ஒன்றிலிருந்து ஒருவர் வருவதாக இருந்தது.

"மச்சி, இது போணியாவலைன்னா அத்தா என்னை துபாய்க்கு அனுப்பிடுவாரு. மாமா கடையில செண்ட் பாட்டில் வித்துக்கினு இருக்கணும்" என்றான். (அவன் அப்பாவுக்கு பெல்ட் கடை. பையன் இரண்டு வருஷமாக டிவி பார்க்கிறான் என்றே நினைத்திருந்தார்.)

வருகிறவருக்குப் போட்டுக்காட்ட, தானே விளையாடி மூன்று நிமிஷம் டேப்பில் பிடித்து வைத்திருந்தான். பார்த்தேன். ஆட்டோ, மரம், தூரத்துக் கட்டடம் எல்லாமே காலண்டர் படம் மாதிரி ஒரே பளிச்.

"சினிமாவுல ஹீரோ மட்டும்தான் தெளிவா இருப்பான். சுத்தி இருக்கிறதெல்லாம் மங்கிடும். அந்த ஆழம் இதுல இல்லை. என்கிட்ட விடு" என்றேன்.

"உனக்கு அது தெரியுமா?"

"தினம் அதைத்தான் பண்றேன்."

முழுப் பொய்யில்லை. எங்கள் கடையில் தாலி கட்டும் கட்டம் வந்தால், திரையின் நடுவில் ஒரு முட்டை வடிவம் போட்டு, அதற்கு வெளியே இருப்பதையெல்லாம் மங்கலாக்கிவிடுவோம். மணமக்கள் பளிச்சென்று இருப்பார்கள். கொட்டாவி விடும் சித்தப்பா காணாமல் போய்விடுவார். அதே முட்டையை சாதிக்கின் மூன்று நிமிஷத்துக்கும் போட்டேன். முதல் காட்சியில் ஆட்டோ சிக்னலில் நட்டநடுவில் நின்றது. எனக்கே என்மேல் ஒரு மரியாதை வந்துவிட்டது. மிச்சத்தைப் பார்க்கவில்லை. கம்ப்யூட்டர் வேலையை முடிக்க இரண்டு நாள் எடுத்துக்கொண்டது. பெங்களூர்க்காரர் வரும் அன்று காலையில்தான் டேப் கைக்கு வந்தது. பஸ் பிடித்து அடையாறுக்கு ஓடினேன்.

மணமக்கள் மணையை விட்டு நகர மாட்டார்கள். ஆட்டோ நகரும். இந்தச் சின்ன விஷயம், டிவியில் சிக்னல் பச்சையானபோதுதான் எனக்கு உறைத்தது.

முதல் மாட்டைக் கண்டதும் ஆட்டோ ஓரமாக ஒதுங்கியது. ஒதுங்கியது ஒதுங்கியதுதான். அதன்பிறகு ஓரத்தில் மஞ்சளாக ஏதோ கரைவது மட்டும் தெரிந்தது. நடுவில் கொம்பு, திமில், வால் எல்லாம் துல்லியமாக, ஒன்றன்பின் ஒன்றாக மாடுகள் வந்துகொண்டே இருந்தன.

பெங்களூர்க்காரர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். போட்டுப் பார்த்தார். மறுபடியும் துடைத்தார்.

"மாடுதான் ஹீரோவா?" என்று ரொம்ப மரியாதையாகக் கேட்டார்.

பையன் என்னதான் செய்கிறான் என்று பார்க்க வந்து மூலையில் உட்கார்ந்திருந்த சாதிக்கின் அத்தா என்னையே பார்த்தார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"சார், கேம் நல்லா இருக்கு. நான்தான் கெடுத்துட்டேன். எனக்குக் கல்யாண வீடியோதான் தெரியும்" என்றேன்.

பெங்களூர்க்காரர் மேஜைப் பக்கம் திரும்பினார். "டேப் எதுக்குங்க? கம்ப்யூட்டர் இங்கேயே இருக்கே. நானே ஓட்டிப் பாக்கறேன்" என்றார்.

அறையில் இருந்த மேதைகள் யாருக்கும் அது தோன்றியிருக்கவில்லை. பதினோரு மணிக்கு உட்கார்ந்தவர், சாப்பிடக் கூப்பிட்டும் எழுந்திருக்கவில்லை. ஒரு மாடு விடாமல் இடித்தார். அத்தா அவர் முதுகுக்குப் பின்னால் வந்து நின்று, "லெஃப்ட்ல ஒடிச்சுத் திருப்புங்க சார், லெஃப்ட்ல" என்று வழி சொல்ல ஆரம்பித்தார். அப்போதுதான் எனக்கு மூச்சே திரும்பி வந்தது. நாலு மணிக்கு, "நாங்க எடுத்துக்கறோம்" என்றார் பெங்களூர்க்காரர். அப்பாடா என்று நானும் சாதிக்கும் மாடிப்படியில் உட்கார்ந்து வெட்கமில்லாமல் அழுதோம்.

சாதிக் இன்னமும் அடையாறில்தான் இருக்கிறான். அவன் பிள்ளைகளுக்கு நான் 'மாட்டு மாமா'. கல்யாணப் பந்தியில் நூறு பேர் நடுவிலும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். நானும் உடனே திரும்பிப் பார்க்கிறேன். அவன் அன்றைக்கு துபாய்க்கு விமானம் ஏறியிருந்தால், என்னை அப்படிக் கூப்பிட இங்கே யார் இருந்திருப்பார்கள்?