டியூப் பாய் ஓட்டுன தீவு டூரு

ரோட்டு முனை வந்தா பரிசல்ல கை காட்டித் திரும்புற மனுசன் இந்த ஒலகத்துலயே ஒருத்தர்தான். அவருதான் எங்க டியூப் பாய். நடுத் தண்ணி, சுத்திமுத்தும் ஒரு ஈ காக்கா கெடையாது. ஆனாலும் கைய நீட்டுவாரு, வாயாலயே ‘பாம் பாம்’னு ஹாரன் அடிப்பாரு, அப்பறம்தான் துடுப்பத் திருப்புவாரு. ஏன் பாய்னு கேட்டா, “அடியில தெருவு திரும்புதுல்ல?”ன்னு நம்மள மொறைப்பாரு.

பென்னாகரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துல பஞ்சர் கட வெச்சிருந்தாரு. லாரி டியூப்பு, சைக்கிள் டியூப்பு, இன்னும் என்னென்னமோ டியூப்பு கறுப்பு கறுப்பா தொங்கும். உள்ள அவரு எங்க இருக்காருன்னு தேடித்தான் புடிக்கணும். அதனால அந்தப் பேரு. நெஜப் பேரு எவனுக்கும் தெரியாது. வாரம் பூரா பஞ்சர் ஒட்டுவாரு, கோட வந்துட்டா ஞாயித்துக்கெழமயில டூரு ஓட்டுவாரு. கட வாசல்ல சாக்பீஸ்ல எழுதுன பலக ஒண்ணு நிக்கும்: ‘தீவு. காட்டு வழி மோட்டார் சவாரி. தண்ணிக்குள்ள ஊர். மதியம் பிரியாணி. பயந்தவங்க வேணாம்.’

நாங்க அப்ப தர்மபுரியில காலேஜ் ஹாஸ்டலு. நானும் சேகரும். சேகரு பாப்பிரெட்டிப்பட்டிக்காரன், நெலம் நீச்சு உள்ள வூட்டுப் பையன், வாய் மட்டும் தனியா பத்து ஏக்கரு வரும். சலூன்ல கெடந்த ஒரு இங்கிலீஷ் புஸ்தகத்துல அவன் ஒரு தீவப் பாத்திருந்தான். வெள்ளக்காரங்க மொகத்துல கண்ணாடி மாட்டி, வாயில குழாய் வெச்சி, தண்ணிக்குள்ள மீன் பாக்கறாங்க, அப்பறம் மணல் மேட்டுல மோட்டார் சைக்கிள் ஓட்டறாங்க. பாயோட பலகயப் பாத்ததும் பய குதிச்சான்.

“மச்சி, அதே மேட்டருடா! பென்னாகரத்துல! பிரியாணியோட!”

வண்டி, மிலிட்டரி ஏலத்துல வந்த கெழட்டு மோட்டார் சைக்கிளு. பக்கத்துல ஆளு உக்கார தொட்டி மாதிரி ஒண்ண அவரே வெல்டிங் வெச்சிருந்தாரு. தொட்டில சேகரு, பாய் முதுகப் புடிச்சிக்கிட்டு நானு. ரோடுன்னு ஒண்ணு இருந்துச்சு, பாய் அத மதிக்கல. ஊரு தாண்டுனதும் காட்டுக்குள்ள எறக்கிட்டாரு. கல்லு, முள்ளு, காஞ்ச ஓட, எல்லாத்துக்கும் ஒரே ஸ்பீடு. ஒரு எடத்துல தொட்டி கழண்டுக்கிட்டு சேகரோட தனியா பள்ளத்துல எறங்கிப் போயிருச்சு. பாய் திரும்பியே பாக்கல. ரொம்ப தூரம் போனப்பறம்தான், “வண்டி லேசா ஓடுதே, எவன்டா எறங்குனான்?”னாரு. திரும்பிப் போயி தொட்டியக் கம்பி போட்டுக் கட்டி அவனயும் ஏத்திக்கிட்டோம்.

அது சிரிப்பு. அதுக்கப்பறம் நடந்தது சிரிப்பில்ல. ஆளே இல்லாத காட்டுல வளைவுக்கு வளைவு ஹாரன் அடிச்சாரு.

“யாருக்குப் பாய் ஹாரன்?”

“எதுக்க வர்றவங்களுக்கு.”

“யாருமே இல்லியே?”

“ஊரு முங்கறப்ப ஜனமெல்லாம் சட்டி பானயத் தூக்கிட்டு இந்த வழியாத்தான் மேல ஏறுச்சு. அவுங்க கையில சொம இருக்கு. நாமதான கண்ணு ஒதுங்கணும்?”

சொல்லிட்டு வண்டிய முள்ளுக்குள்ள ஒதுக்கி நிறுத்தி, இன்ஜின ஆஃப் பண்ணி, கையக் கட்டிக்கிட்டாரு. காத்து கூட இல்ல. பாதயோரத்துப் புல்லு மட்டும் ஒண்ணு மாத்தி ஒண்ணு சாஞ்சி சாஞ்சி நிமிந்துச்சு, வரிசயா, கீழருந்து மேல. சேகரு தொட்டிக்குள்ள குனிஞ்சி உக்காந்துக்கிட்டான். புல்லு நின்னதும் பாய், “போலாம்”னாரு.

விசயம் இதுதாங்க. வெள்ளக்காரன் காலத்துல டேம் கட்டுனப்ப முங்கிப் போன ஊருங்கள்ல ஒண்ணு பாயோட ஊரு. கோடயில தண்ணி எறங்குனா ஊரோரத்துக் கரடு தீவா எந்திரிச்சி நிக்கும். அதுக்குப் பக்கத்துல ஊரு, ஒரு ஆள் ஆழத்துல, அப்படியே படுத்துக் கெடக்கும். ஊரக் காலி பண்ணப்ப பாய் பொடிப் பையன். அதுக்குக் கொஞ்சம் முன்னாடிதான் அவுங்கம்மா மௌத்தாயிட்டாங்க. அப்பா, பாத்தரத்துக்கு ஈயம் பூசறவரு. பொதச்ச கபருக்குக் கல்லு செதுக்க நேரமில்ல. அந்தம்மா துணி தொவச்ச கல்லயே பேத்துக்கிட்டுப் போயி தலமாட்டுல நட்டு வெச்சிட்டாரு. எந்த எடம்னு பாய்க்கு நெனப்பில்ல, அந்தக் கல்லத்தான் தேடுனாரு. தீவு, சவாரி, பிரியாணி எல்லாம் அதுக்குத்தான்.

அவரே முங்கித் தேடலாமேன்னா, முடியாது. காதுல ஓட்ட. ஊரு பூரா பஞ்சர் ஒட்டற மனுசனுக்குச் சொந்தக் காது பஞ்சரு. தலய முக்குனா ரத்தம் வரும்னு டாக்டரு சொல்லியிருந்தாரு. அதனால எங்கள மாதிரி இளிச்சவாயனுங்களப் புடிச்சி உள்ள அனுப்புவாரு. எவன் தலயத் தூக்குனாலும் ஒரே கேள்வி. “நிக்கிற கல்லு பாத்தியா?” வூட்டுக்கு வூடு தொவைக்கிற கல்லு இருந்த ஊரு அது. பாக்கறவன் எல்லாம் “கல்லு, கல்லு”ன்னு கத்துவான். “படுத்திருக்கற கல்லு வேணாம் கண்ணு. நிக்கிற கல்லு.”

செவுரு இருக்குன்னு எவன் எங்க சொன்னாலும் அங்க ஒரு மெதவ கட்டுவாரு. சைக்கிள் டியூப்ப உருண்டயாச் சுத்தி, காத்தடிச்சி, கயிறு கட்டி, கல்லோட உள்ள வுட்டுருவாரு. இப்புடியே கட்டிக் கட்டி தண்ணி மேல ஒரு ஊரே மொளச்சிருச்சு. ரெண்டு பக்கமும் கறுப்பு உருண்டைங்க, நடுவுல தெரு. கடத்தெரு, கோயில் தெரு, முட்டுச் சந்து. பாயோட பரிசலு தெரு வழியாத்தான் போவும். எவன் வூட்டு மேலயும் ஏறாது.

டூரு போனவங்க கதையே தனி. புதுசாக் கல்யாணம் ஆன ஜோடி ஒண்ணு. மாப்ள, பொண்டாட்டி கையப் புடிச்சிக்கிட்டு கடத்தெருவ பூரா சுத்திப் பாத்துட்டு மேல வந்தாரு. வந்து பாத்தா பொண்டாட்டி தல கூட நனையாம பரிசல்ல உக்காந்து வேர்க்கடல சாப்புடுது. “அப்ப நான் யாரு கையப் புடிச்சிருந்தேன்?”னு கத்தறாரு. பாய் பதறல. “கையில கண்ணாடி வளையல் இருந்துச்சா? நல்லா யோசிச்சிச் சொல்லுங்க. எந்த முனையில வுட்டாங்க?”

சேலத்துலருந்து வந்த ஆபீசரு ஒருத்தரு, வூட்ல காட்டலாம்னு அடியிலருந்து ஒரு குழவிக்கல்ல எடுத்துப் பைக்குள்ள வெச்சிக்கிட்டாராம். கரைக்கு வந்தா வண்டி கெளம்பல. பாய் பைய மோந்து பாத்துட்டு, “அடுத்தவங்க வூட்டுச் சாமான் இருக்கு”ன்னு திரும்பக் கூட்டிட்டுப் போயி, அதே வூட்டு மேல நிறுத்தி, “தெரியாம எடுத்துட்டேங்க, மன்னிச்சிருங்க”ன்னு தண்ணியப் பாத்துச் சொல்ல வெச்சாராம். வண்டி ஒரே ஒதையில ஸ்டார்ட்டு. அந்த ஆபீசரு இன்னிக்கும் டம்ளருக்குள்ள எட்டிப் பாத்துட்டுத்தான் தண்ணி குடிக்கறாருன்னு பேச்சு.

நாங்க போனது அந்த வருசத்துக் கடைசி டூரு. கர்நாடகாவுல மழ புடிச்சிருச்சுன்னு ரேடியோவுல சொல்லிட்டாங்க. அங்க பேஞ்சா இங்க ஏறும். பாய் பரிசலத் தள்ளிக்கிட்டே சொன்னாரு: “இந்த அளவுக்கு எறங்கி நான் பாத்ததே இல்ல. இந்தத் தடவ வுட்டா அவ்ளோதான் கண்ணு. எனக்கும் வயசாச்சு.”

தீவுல உக்காந்து பிரியாணி சாப்புட்டோம். அப்பத்தான் அந்தச் சத்தம் கேட்டுச்சு. தொப்பு... தொப்பு... யாரோ துணி அடிச்சித் தொவைக்கிற மாதிரி.

“அல வந்து பரிசல்ல மோதுதுடா,” சேகரு சயின்ஸ் பேசுனான்.

பரிசல நாங்க தூக்கி மண்ணு மேல கவுத்து வெச்சிருந்தோம்.

பாய் எலும்பக் கடிச்சிக்கிட்டே, “ஞாயித்துக்கெழமன்னா துணி சாஸ்தியாத்தான் சேந்துரும்”னாரு. சேகரு ரெண்டாவது தடவ சோறு கேக்கல. அவன் வரலாத்துலயே அது கெடையாது.

அப்பறம் தெருவுக்குப் போனோம். ஒவ்வொரு வூட்டு மேலயும் பரிசல நிறுத்தி, “வூட்ல யாருங்க? கொஞ்சம் எறங்கிப் பாத்துக்கறோங்க”ன்னு கேப்பாரு. காத்திருப்பாரு. தலயாட்டுவாரு. அப்பறம்தான் நாம முங்கணும். ஒரு வூட்ல ரொம்ப நேரம் காதக் குடுத்துக் கேட்டுட்டு, “சாப்புடறாங்க. அடுத்த வூடு போலாம்”னாரு.

நான் கண்ணாடிய மாட்டுனேன். ஜன்னல் கண்ணாடிய வெட்டி லாரி டியூப்ல ஒட்டுனது. வாய்க்குழாய் பூரா பஞ்சர் சொல்யூசன் நாத்தம். உள்ள ஒரே பச்ச மசமசப்பு. அதுக்குள்ளருந்து மெதுவா ஒரு செவுரு வந்துச்சு. செவுத்துல மாடக்குழி. அதுக்குள்ள ஒரு மீனு, வெளக்கு ஏத்தி வெச்ச மாதிரி அசையாம நின்னுக்கிட்டு என்னயே பாக்குது. நான் மேல வந்துட்டேன்.

“நிக்கிற கல்லு?”

“இல்ல பாய்.”

தெருத் தெருவாத் தேடுனோம். எல்லாம் படுத்த கல்லு. அதுக்குள்ள மேக்கால கறுத்துக்கிட்டு வந்துச்சு. காத்து எறங்குனா பரிசலு பம்பரமா சுத்தும். கரைக்கு நேரா போனா கிட்டம்தான், ஆனா நடுவுல பண்ணக்காரரு வூடு. ஊர்லயே பெருசு. மெதவைங்க சதுரமா நிக்குது.

“குறுக்கால வுடுங்க பாய்!”ன்னான் சேகரு.

“அது பண்ணக்காரரு வூடுடா. சுத்தித்தான் போவணும்.”

“வூடு எங்க இருக்கு? தண்ணிதான இருக்கு?”

“எங்கப்பா அந்த வூட்டுப் பாத்தரத்த வாசலுக்கு வெளியவே வாங்கி, வெளியவே குடுத்தவரு. நான் அடுப்படி மேல பரிசல் ஓட்டிட்டுப் போறதா?”

பளீர்னு ஒரு மின்னலு. சேகரு துடுப்பப் புடுங்கிட்டான். எந்திரிச்சி நின்னு தண்ணியப் பாத்து ஒரு கும்புடு. “பண்ணக்காரருங்களே! நாங்களும் பாப்பிரெட்டிப்பட்டியில பண்ணயந்தானுங்க. தப்பா நெனைக்காதீங்க, உள்ள வரோங்க!”ன்னு கத்திட்டு நேரா வுட்டான். பாய் கண்ண இறுக்கி மூடிக்கிட்டு தலயக் குனிஞ்சிக்கிட்டாரு, நெலவாசல் இடிக்கும்னு. எனக்கும் என்னா தோணுச்சோ, நானும் குனிஞ்சேன்.

வூட்டத் தாண்டி அந்தப் பக்கம் வந்ததும் பரிசலு எதுலயோ தட்டி நின்னுருச்சு. நகரல. எடுத்து வுடலாம்னு நான் முங்குனேன்.

அந்த வூட்டுக்குப் பின்னால அதுவரைக்கும் எவனும் எறங்குனதில்ல. பாய் மரியாதயா கொல்லயையும் சேத்துச் சுத்திச் சுத்தியே போயிருக்காரு. பரிசலுக்கு அடியில ஒரு கல்லு, நட்டமா நின்னுச்சு. சுத்திலும் இருக்கறதெல்லாம் சேத்தையும் பாசியையும் போத்திக்கிட்டுக் கெடக்குது. இது மட்டும் மொழுமொழுன்னு, இப்பத்தான் தேச்சிக் கழுவுன மாதிரி. நான் கைய வெச்சேன். உள்ளங்கையில ஒரு அதிர்வு. தொப்பு. சத்தமே இல்ல. அதிர்வு மட்டும். தொப்பு.

எப்புடி மேல வந்தேன்னு கேக்காதீங்க. “நிக்குது பாய்”னேன்.

பாய் சட்டப் பையிலருந்து பஞ்சர் பட்டய எடுத்தாரு. சொல்யூசனத் தடவுனாரு. ஊதிக் காய வெச்சாரு. காது மேல வெச்சி உள்ளங்கையால நல்லா அமுக்குனாரு.

“பாய், ரத்தம் வரும்னு டாக்டரு...”

“டாக்டருக்கு அவுங்கம்மா எங்க இருக்காங்கன்னு தெரியுமில்ல? சும்மா இரு.”

மெதுவா ஸலாம் சொன்னாரு. கண்ணாடிய மாட்டிக்கிட்டு முங்கிட்டாரு.

காத்து சுத்தமா நின்னுருச்சு. குழாய் முனை மட்டும் தண்ணிக்கு மேல, புஸ்ஸு புஸ்ஸுன்னு மூச்சு. அப்பத்தான் சேகரு என் கையப் புடிச்சான். தூரத்துத் தெரு முனையிலருந்து மெதவைங்க ஒண்ணொண்ணா உள்ள போயிப் போயி எந்திரிக்குது. யாரோ தெருவுல நடந்து வர்ற மாதிரி. கடத்தெரு. கோயில் தெரு. பண்ணக்காரரு வூட்டு மூல. பரிசலுக்குப் பக்கத்துல வந்ததும் நின்னுச்சு. குழாயும் உள்ள போயிருச்சு.

“பாய்! பாய்!”னு ரெண்டு பேரும் கத்துறோம். தண்ணி கண்ணாடி மாதிரி கெடக்குது. சேகருக்கு நீச்சலே தெரியாது, ஆனாலும் ஒரு கால வெளிய போட்டுட்டான். அப்ப பாய் தல மேல வந்துச்சு.

காதோரம் லேசா ரத்தம். பட்ட கழரல. அழறாரா சிரிக்கறாரான்னு கண்டுபுடிக்க முடியல. இழுத்துப் போட்டோம்.

“என்னாச்சு பாய்?”

“திட்டறாங்கடா.”

“யாரு?”

“காதுல தண்ணி போவும், மேல போடான்னு திட்டறாங்க.”

பயத்துலயும் சேகருக்கு வாய் நிக்காது. “காதத்தான் ஒட்டிட்டீங்களே, எப்புடிக் கேட்டுச்சு?”

பாய் பட்டயத் தொட்டுப் பாத்தாரு. “இந்தக் காதுலதான் கேட்டுச்சு.”

மழ கொட்ட ஆரம்பிச்சிருச்சு. கரையப் பாத்துக் கெளம்பறப்ப பாய் பண்ணக்காரரு வூட்டுப் பக்கம் திரும்பி, “வழி வுட்டீங்க, சந்தோசங்க”ன்னாரு. அவ்ளோதான், அப்பறம் வழி பூரா ஒரு ஹாரன் அடிக்கல.

அடுத்த வாரமே வெள்ளம் வந்துருச்சு. தீவு முங்கிருச்சு, மெதவையெல்லாம் அறுத்துக்கிட்டு டேம் பக்கம் போயிருச்சு. பாய் டூர நிறுத்திட்டாரு. கேட்டு வர்றவங்ககிட்ட, “இனிமே எதுக்குங்க? நிம்மதியா இருக்கறவங்க வூட்டுக் கதவப் போயித் தட்டறதா?”ன்னு திருப்பி அனுப்பிருவாரு. எங்களயும் கடயில சும்மா உக்கார வுட மாட்டாரு. “வண்டி நல்லாத்தான இருக்கு? கெளம்பு, படிக்கற வேலயப் பாரு.”

படிப்பெல்லாம் முடிஞ்சிருச்சு. இப்பவும் அந்தப் பக்கம் போனா, ஊரு எல்லயிலயே சைக்கிள நிறுத்தி நானே காத்தப் புடுங்கி வுட்டுட்டு, மூஞ்ச சோகமா வெச்சிக்கிட்டுத் தள்ளிட்டுப் போறேன். பாய் டியூப்பக் கழட்டித் தண்ணித் தொட்டியில முக்குறாரு. இல்லாத ஓட்டைய, பொழுது சாயற வரைக்கும், பொறுமயாத் தேடறாரு.