குல்லாப் பாட்டுக்கு நான் போட்ட பூட்டு

கையில் மைக் கிடைத்தால் எனக்குப் புத்தி மழுங்கிவிடும். கல்யாணமான புதிதிலேயே என் மனைவி வதனி இதைக் கண்டுபிடித்துவிட்டாள்.

நாங்கள் புலம்பெயர்ந்து வந்து குடியிருக்கும், பிரெஞ்சு பேசும் ஊரான லாசாலில் எங்கள் தமிழ்ப் பள்ளிக் கலைவிழா. வழக்கமான சினிமாப் பாட்டுக் குழுவை வெட்டிவிட்டு, ஒரு குல்லாப் பாடகியை அழைக்கக் கமிட்டியோடு மல்லுக்கட்டியவன் நான். (குல்லா என்றதும் தலையைத் தடவாதீர்கள். ஆபிரிக்காவிலிருந்து அமெரிக்காவின் தென்கிழக்குக் கரையோரத்துக்கு அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்த சனம். பாட்டிலும் கதையிலும் தங்கள் மொழியைக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். வீட்டுக்குள்ளேயே பிரெஞ்சில் சண்டை பிடிக்கும் பிள்ளைகளைப் பெற்ற எனக்கு அவர்கள் மேல் ஒரே பொறாமை.)

"சனம் எழும்பிப் போச்செண்டால், இனி உம்மட கதை இஞ்சை எடுபடாது, தம்பி" என்றார் கமிட்டித் தலைவர் அண்ணை.

போன வருஷம் சங்கீதக் கச்சேரி நடக்கும்போது சனம் ரோல்ஸ் கடித்துக்கொண்டு பக்கத்து ஊர் கர்க்லாண்டில் வீட்டு விலை பேசியது எனக்கு இன்னும் ஆறவில்லை. மைக்கைப் பிடித்தேன்.

"இது கண்ணீரோட காத்த பாட்டு. ஒரு சத்தமும் வரக்கூடாது! கை தட்டுறதும் கடைசியிலதான்!"

பாடகி எஸ்தர் அம்மா வந்தார். தடியால் மேடையைத் தட்டி ஒரு வரி பாடினார். காதில் கைவைத்து எங்கள் பக்கம் சாய்ந்தார். மயான அமைதி. எனக்குப் பெருமை பிடிபடவில்லை. மறுபடியும் பாடினார், மறுபடியும் சாய்ந்தார். மச்சான் ரவி மெல்லத் தாளம் போட, நான் முறைத்த முறையில் கையைக் காற்சட்டைப் பைக்குள் செருகினான்.

மூன்றாம் தரம் அவர் குரல் தழுதழுத்தது. தலைவர் அண்ணை என்னைத் திரும்பிப் பார்த்தார்.

எஸ்தர் அம்மா பாட்டை நிறுத்தி, ஆங்கிலத்தில் கேட்டார்: "நான் ஏதும் பிழை செய்தேனா? இது தனியாகப் பாடும் பாட்டில்லை. நான் பாடினால் நீங்கள் பதில் பாட வேண்டும். பதிலே வராத இடத்தில் எனக்கு என்ன வேலை?"

தடியை எடுத்துக்கொண்டு திரும்பினார். ஐயோ, நான் மைக்கை முதுகுக்குப் பின்னால் ஒளித்தேன்.

வதனிதான் எழும்பினாள். "போகாதேங்கோ அம்மா! இந்த மனுசன்தான் எங்களை வாய் பொத்தச் சொன்னது!" என்று தமிழில் கத்தி, ஆங்கிலத்திலும் இன்னொருக்கால் கத்தினாள். (ஒரு தரம் போதாதா?)

எஸ்தர் அம்மா என்னைப் பார்த்தார். பிறகு விழுந்து விழுந்து சிரித்தார். அடுத்த வரிக்கு மண்டபமே அதிர்ந்தது. தலைவர் அண்ணைகூடத் தொண்டை கிழியப் பதில் பாடினார். பாட்டு தப்பியது, என் மானம் தப்பவில்லை.

இன்றைக்கும் வீட்டில் "கொஞ்சம் சத்தம் போடாமல் இருங்கோ" என்று நான் வாய் திறந்தால் போதும், வதனி குசினிக்குள் சமைத்துக்கொண்டே கேட்பாள்:

"உங்கட செத்தவீட்டிலையாவது எங்களை வாய்விட்டு அழ விடுவியளோ?"