ஜாபிர் என்று ஒரு ஆளே இல்லை

வெள்ளிக்கிழமை பின்னேரம் நாலரை மணிக்கு, வினோதன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழும்பிய நேரம் பார்த்துத்தான் அந்தக் கொமென்ட் வந்து விழுந்தது.

"உங்கட பிரஷர் குளிசை போடத் தொடங்கினதுல இருந்து தலை சுத்துது. நேத்து பாத்ரூம்ல விழுந்துட்டேன். ஜாபிர், கொட்டாஞ்சேனை."

வினோதன் பையைக் கழற்றவில்லை. ஒருகொடவத்தையில் மருந்துக் கம்பனியின் களஞ்சியத்துக்கு மேல்மாடியில் இருந்துகொண்டு, அதன் முகநூல் பக்கத்தை நடத்துவதுதான் அவனுக்குச் சம்பளம் தரும் வேலை. 'இதயமே நலமா' என்று பக்கத்துக்குப் பெயர். உப்பைக் குறையுங்கள், கீரை சாப்பிடுங்கள், கோபப்படாதீர்கள் என்று நாளுக்கொன்று போடுவான். ஆனால் மருந்தால் ஏதாவது செய்தது என்று யாரும் எழுதிவிட்டால், இருபத்துநாலு மணித்தியாலத்துக்குள் சிங்கப்பூர்த் தலைமையகத்துக்கு அறிக்கை போகவேண்டும். பதினொரு பக்கப் படிவம். விழுந்தவரின் நிறைகூடக் கேட்பார்கள்.

வெள்ளவத்தைக்கு பஸ் பிடிக்கவேண்டும். வினோதன் கொமென்ட்டை மறைத்துவிட்டு இறங்கிப் போனான்.

திங்கட்கிழமை காலை வந்து பார்த்தால், "நான் எழுதினத ஏன் ஒளிச்சீங்க? நேத்து இன்னொருக்கா விழுந்தேன்" என்று ஜாபிர் எழுதியிருந்தார். அதற்குக் கீழே முப்பத்தேழு பேர் நியாயம் கேட்டிருந்தார்கள். அதில் நாலு பேருக்குத் தங்களுக்கும் தலை சுற்றியது நினைவுக்கு வந்திருந்தது.

மேலதிகாரி ரொஷேல் மேசைக்கே வந்துவிட்டாள். "ஒளிச்சா இன்னும் கூடும் வினோதன். பதில் போடும்."

"இத்தனை பேருக்குமா மிஸ்?"

"கையாலயா போடச் சொன்னன்? ஒட்டோமட்டிக்கா போகவிடும்."

போகவிட்டான். கொமென்ட் எழுதினாலும் சரி, இன்பொக்ஸில் வந்தாலும் சரி, மறுநொடியே 'உங்கள் அன்புக்கு நன்றி! தொடருங்கள்!' என்று ஒரு நீல இதயத்தோடு பதில் போகும். அன்புக்கும் தலைச்சுற்றுக்கும் அந்த இயந்திரத்துக்கு வித்தியாசம் தெரியவில்லை. 'வாந்தி நிக்குதில்லை' என்று எழுதிய மனுசிக்கும் அன்புக்கு நன்றி போனது. அதை யாரோ படம்பிடித்துப் பரப்பிவிட, அன்று இரவுச் சாப்பாட்டுக்கு முன்னமே அது தெஹிவளை, கொலன்னாவை எல்லாம் சுற்றி, அவன் மனைவி ஆரணியின் போனுக்கே வந்து சேர்ந்தது.

"இதென்னப்பா, உங்கட வேலையோ?"

வினோதன் புட்டைப் பிசைந்தான். பிறகுதான் அவனுக்கு ஒரு யோசனை வந்தது. நாலு பேர் நல்லதாக எழுதினால் கெட்டது கீழே போய்விடும். சொந்தக்காரர் எல்லாருக்கும் போன் எடுத்தான். முதலில் எழுதியவர் மாமியார் ஜெகதீஸ்வரி.

"மிகவும் நல்ல குளிசை. எனக்குப் பிரஷர் இல்லை. எண்டாலும் மருமகன் எழுதச் சொன்னவர்."

அதற்கு மட்டும் அறுநூறு பேர் சிரித்திருந்தார்கள்.

புதன்கிழமை வேலை போகப்போகிறது என்று அவன் மேசை லாச்சியைத் துப்புரவாக்கிக்கொண்டிருந்தபோது, ரொஷேல் சிரித்துக்கொண்டு வந்தாள்.

"வினோதன், ஜாபிர் எண்டு ஒரு ஆளே இல்லை! தலைமையகம்தான் கள்ளப் பெயரில கொமென்ட் போட்டு எங்களைச் சோதிக்குதாம். மற்ற நாடுகளிலயும் இப்பிடித்தான் செய்தவையாம். ஆளிட பக்கத்தைப் பாரும், மூண்டே மூண்டு நண்பர்கள். படத்துக்கு ஒரு ரோசாப்பூ!"

வினோதனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அவன் இரண்டு நாள் தூக்கத்தைக் கெடுத்தவர் வெறும் சோதனைத்தாளா? பதினொரு பக்கத்தையும் உட்கார்ந்து நிரப்பினான். நிறை எழுபது கிலோ என்று குத்துமதிப்பாகப் போட்டான். திகதியை மட்டும் வெள்ளிக்கிழமை ஆக்கினான். பிறகு இருவருமாகச் சேர்ந்து, பார்க்கிறவர் கண்கலங்கும்படி ஒரு பதில் எழுதினார்கள்: 'மதிப்புக்குரிய ஜாபிர் ஐயா, உங்கள் நலமே எங்கள் மூச்சு. விலாசம் தாருங்கள், நேரில் வருகிறோம்.'

ஐந்து நிமிடத்தில் விலாசம் வந்தது.

"பார்த்தீரோ, விலாசம்கூட ரெடியா வச்சிருக்கினம்!" என்றாள் ரொஷேல். "அங்க தலைமையகத்து ஆள் ஒருத்தர் இருப்பார். நல்ல உடுப்போட வாரும்."

வியாழக்கிழமை, பெரிய பழக்கூடையும் கமெராவுமாகக் கொட்டாஞ்சேனையில் அந்த ஒழுங்கையைத் தேடிப் பிடித்தார்கள். கதவைத் திறந்தது ஒரு இளம்பெண். தலைமையகத்து ஆள் யாரையும் காணவில்லை. முன்னறையிலேயே கட்டில் போட்டு, இடுப்பிலிருந்து முழங்கால்வரை மாவுக்கட்டோடு ஒரு வயதானவர் படுத்திருந்தார்.

ரொஷேலின் கமெரா தானாகக் கீழே இறங்கியது.

"ஜாபிர் எண்டது... நீங்களோ?" என்றான் வினோதன்.

"நான்தான் ஜாபிர், மகன். உள்ளுக்கு வாங்க, இரிங்க. நிப்லா, இவங்களுக்கு டீ ஊத்து." அவர் முகத்தில் கோபம் மருந்துக்கும் இல்லை. கம்பனியே வீடு தேடி வந்த பெருமைதான் இருந்தது.

மகள் நிப்லா அசையவில்லை. "செவ்வாக்கிழம மூணாவது தரம் விழுந்தாரு. அதுலதான் இடுப்பு ஒடஞ்சது."

வினோதனுக்குப் பழக்கூடையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. நெஞ்சோடு அணைத்துக்கொண்டே நின்றான். எழுபது கிலோ என்று அவன் எழுதிய உடம்பு ஐம்பதுகூட வராது.

"குளிசையை நிப்பாட்டிட்டீங்கள்தானே ஐயா?"

"இல்ல மகன், ஒரு நேரம் விடல்ல."

"ஏன் ஐயா, டொக்டரிட்டக் காட்டேல்லையா?"

"காட்டினேன் மகன். திங்கக்கிழமையே நிப்பாட்டச் சொன்னாரு," என்றார் ஜாபிர், சிரித்தபடி. "எதுக்கும் ஒங்கள்ட்ட ஒரு வார்த்த கேப்பமேண்டு இன்பொக்ஸ்ல கேட்டேன், நிப்பாட்டவா, போடவாண்டு. அந்த நிமிசமே 'தொடருங்கள்'ண்டு நீங்க எழுதினீங்களே, மருந்து செஞ்ச கம்பனியே சொன்ன பொறகு டொக்டர்ட பேச்ச யார் கேக்கிற?"