தம்பி வீட்டுப் பூட்டு

பக்கத்து வீட்டுப் பூட்டு உடைந்து தொங்குவது கண்ணில் பட்டபோது இந்த வீட்டில் மூன்று பேர் இருந்தார்கள். ஜன்னலோர நாற்காலியில், ஓய்வுபெற்ற கணக்கர். தெருவில் அவருக்கு 'முறைப்படி' என்றே பெயர். கட்டில் விளிம்பில், பிய்ந்த தலையணை உறையைத் தைத்தபடி அவர் மனைவி. தரையில், மின்விசிறிக்கு நேர் கீழே, நாலு நாள் தங்க வந்து நாலு மாதமாகப் படுத்திருக்கும் மச்சான்.

"திருடன்! வாங்க அத்தான், உள்ள புகுந்து அமுக்கிடலாம்" என்று மச்சான் எழுந்தான்.

"நான் புகுந்தா திருடன் தப்பிச்சிடுவான். நான் மாட்டிக்குவேன்" என்றார் முறைப்படி.

விஷயம் இதுதான். பக்கத்து வீட்டுக்காரன் அவருடைய சொந்தத் தம்பி. நடுச்சுவருக்காக இருவரும் மூன்று வருடமாகக் கோர்ட்டில் நிற்கிறார்கள். ஒருவர் வீட்டில் மற்றவர் கால் வைக்கக் கூடாதென்று உத்தரவு. வைத்தால் வழக்கு கவிழும். சுவரோடு, அது தாங்கும் கூரையும் தம்பிக்குப் போகும். தம்பியோ குடும்பத்தோடு மாமனார் ஊருக்குக் கிளம்பிப் போனதைத் தெருவே பார்த்திருந்தது.

முறைப்படி போலீசுக்குப் போன் செய்தார்.

"உள்ள போகாதீங்க. எதையும் தொடாதீங்க. தள்ளி நின்னு பாருங்க, ஆள் வரும்" என்றது ஒரு கொட்டாவிக் குரல்.

தள்ளி நின்றார். ஆள் வரவில்லை. மழை வந்தது.

சும்மா இருக்க மாட்டாத மச்சான், "யார்றா உள்ள?" என்று தொண்டை கிழியக் கத்தினான். திருடன் வரவில்லை. தெருவே வந்துவிட்டது. மூலைக் கடைக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உள்ளே நுழையப் போனார். முறைப்படி பதறிப்போய் இரண்டு கையையும் விரித்து வாசலை மறித்தார்.

"ஏன் மறிக்கிறார்?"

"உள்ள இவர் ஆளு இருக்கும்."

"கூடப்பிறந்தவன் வீட்டையேவா! கலிகாலம்."

மனைவி குடையோடு வந்தாள். "ஊர் வாயை மூட உலைமூடி ஏது? நனையாம வந்து சேருங்க."

"நான் நகர்ந்தா இவங்க நுழைஞ்சிடுவாங்க. ஒரு துரும்பு குறைஞ்சாலும் அவன் என்னைத்தானே சொல்லுவான்?"

இதற்கும் மச்சானிடம் வழி இருந்தது. துணி காயப்போடும் கொடிக்கயிற்றை அவிழ்த்து வந்து தம்பி வீட்டு கேட்டை இறுக்கிக் கட்டினான். ஒருவழியாகப் போலீஸ்காரர் வந்தார். முடிச்சு அவிழவில்லை.

"யாருய்யா கட்டினது?"

"என் மச்சான்."

"நீங்க கேட்டைத் தொட்டீங்களா?"

"அவன் கட்டும்போது பிடிச்சுக்கிட்டேன்."

"அப்ப முதல் கைரேகை உங்களோடதுதான்."

தெரு திருப்தியாகத் தலையாட்டியது.

கயிற்றை அறுத்துவிட்டு உள்ளே போன போலீஸ்காரர் அறை அறையாகப் பார்த்துவிட்டு வந்தார். ஒரு நாற்காலிகூட நகரவில்லை. "உடைச்சவன் உள்ளயே போகல போலிருக்கு. வீட்டுக்காரர் போனும் எடுக்கல" என்று சலித்துக்கொண்டவர், பூட்டுக்காரனை வரவழைத்துப் புதுப் பூட்டைப் போட்டு, சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பினார். வேடிக்கை சப்பென்று முடிந்ததில் தெருவும் கலைந்தது.

ஈரச் சட்டையை மாற்றாமல் முறைப்படி கடிதம் எழுத உட்கார்ந்தார்.

"மூணு வருஷமா மூஞ்சி குடுத்துப் பேசாதவனுக்குக் கடுதாசி ஒரு கேடா?" என்றாள் மனைவி.

"போன்ல என் பேரைப் பாத்தாலே எடுக்க மாட்டான். வீடு திறந்து கிடந்துச்சுன்னு யாராவது சொன்னா பயந்துடுவான்டி. சின்ன வயசுலயே பயந்தாங்கொள்ளி."

எழுதினார்: 'தம்பிக்கு, உன் வீட்டில் ஒரு துரும்பும் குறையவில்லை. நான் உள்ளே கால் வைக்கவில்லை. வழக்கு வழக்காக இருக்கட்டும். திரும்பி வந்ததும் ஒரு வாய் தண்ணீர் குடிக்க வா.'

கடைசி வரியை ஒருமுறை அடித்தார். அப்புறம் மறுபடி எழுதினார். உறையிலிட்டு, பசை தடவி, ஓரங்களை நகத்தால் நீவி ஒட்டி, தம்பியின் பெயரும் மாமனார் வீட்டு விலாசமும் எழுதினார். வாசலில் சாமான்களைப் பையில் திணித்துக்கொண்டிருந்த பூட்டுக்காரனிடம் நீட்டினார்.

"போற வழியில தபால் பெட்டியில போட்டுடுப்பா."

பூட்டுக்காரன் பெயரைப் படித்தான். தெருக்கோடிவரை ஒருமுறை பார்த்துவிட்டு, கடிதத்தை நனையாமல் சட்டைக்குள் செருகிக்கொண்டான்.

"தபால் எதுக்குங்கய்யா, நேர்லயே குடுத்துடறேன். காலைல என்னைக் கூட்டிட்டு வந்து பூட்டை உடைக்கச் சொன்னவரே அவர்தான். 'அண்ணன் உள்ள ஒரு கால் வைக்கட்டும், படம் பிடிச்சு கோர்ட்டுல காட்டறேன்'னு எதிர்மாடியில கேமராவோட உக்காந்திருக்கார், பாவம், இன்னும் சாப்பிடக்கூட இல்ல."