திருவாதிரைக்கு வந்த அர்த்தம்

"அதற்கு என்ன அர்த்தம் தெரியுமா?" என்று கேட்கிற ஓர் இனம் உலகத்தில் இருக்கிறது. கேட்டுவிட்டு உங்கள் பதிலுக்குக் காத்திருப்பார்கள் என்றா நினைக்கிறீர்கள்? நீங்கள் வாயைத் திறப்பதற்குள் அர்த்தத்தைச் சொல்லி, அந்த வார்த்தை எந்தத் தேசத்துப் பாஷையில் பிறந்து, எந்தக் கப்பலில் ஏறி, எப்படி உருக்குலைந்து வந்து சேர்ந்தது என்பதையும் சொல்லி, உங்கள் காப்பி ஆறி ஆடை படிந்த பிறகுதான் விடுவார்கள். ஊருக்கு ஒருவர் உண்டு. நாமக்கல்லுக்கு சர்வேயர் சுவாமிநாதன்.

மாற்றலாகிப் போன ஒரு துரை விட்டுச் சென்ற நட்சத்திரப் புத்தகம் அவர் கையில் சிக்கியது. அன்றிலிருந்து அவர் மனைவி மயிலம்மாளுக்கு வானமே பகையாகிவிட்டது. புளி கரைக்கும்போது ஒரு நட்சத்திரம், துணி உலர்த்தும்போது ஒரு நட்சத்திரம். வெள்ளைக்காரன் சொல்லும் பெயர்களில் பாதி அவனுடையவையே அல்லவாம், அரபிக்காரனிடம் வாங்கியவையாம். வாங்கிக்கொண்டு போகட்டும், நீங்கள் போய் முருங்கைக்காய் வாங்கி வாருங்கள் என்பாள் அவள். போவார். கடைக்காரனுக்கும் அர்த்தம் சொல்லிவிட்டு, காயை மறந்து வருவார்.

1934-ஆம் வருஷம் தை மாதம், மகள் வசந்தாமணிக்கு ராசிபுரம் ஜவுளிக்கடை வீரபாகுவின் வீட்டிலிருந்து சம்பந்தம் வந்தது. பையன் நல்லவன், பெண்ணுக்கும் பிடித்துவிட்டது. முன்பு வந்த இரண்டு இடங்கள் இவர் சொன்ன அர்த்தங்களைக் கேட்டே ஓடிப்போயிருந்தன. எங்கள் பக்கத்தில் உப்பும் சர்க்கரையும் கை மாறினால்தான் கல்யாணம் நிச்சயம். ஆகவே, அது மாறுகிறவரை வாயே திறப்பதில்லை என்று, முதல் நாளே மயிலம்மாள் கணவரைக் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்ய வைத்தாள்.

நிச்சயத்தன்று அரை மணி நேரம் தாங்கினார். பிறகு வீரபாகு மரியாதைக்குப் பெண்ணின் நட்சத்திரத்தைக் கேட்டார். ஒரு வார்த்தையில் சொல்லி நிறுத்தியிருக்கலாம். நிறுத்துவாரா?

"திருவாதிரைங்க. இங்கிலீசுல பெட்டல்கியூஸ்னு பேரு. அது அரபிப் பேச்சுங்க. நடுவுல நிக்கறவளோட கக்கம்னு அர்த்தம்."

சர்க்கரைத் தட்டை நீட்டிய வீரபாகுவின் கை அப்படியே நின்றது. அக்குளில் பிறந்த மருமகளைத் தம் ஐம்பது வயதில் கேள்விப்பட்டதில்லை என்கிற முகத்தோடு, அவர் துண்டை எடுத்துத் தோளில் போட்டார். சுவாமிநாதன் சமாளிக்கப் பார்த்தார். சில பண்டிதர்கள் அது கக்கமில்லை, கை என்கிறார்களாம். யாருடைய கை என்று வந்தவர்களில் ஒருவர் கேட்டார். அவள் யாரென்று அரபிக்காரர்களுக்கே சரியாகத் தெரியாது என்று இவர் உள்ளதைச் சொன்னார். அதோடு வீரபாகு எழுந்துவிட்டார்.

கதவுக்குப் பின்னால் மகள் விசும்புவது கேட்டது. மயிலம்மாள் முன்னால் வந்து நின்றாள். இருபது வருஷமாகக் காதில் விழுந்த குப்பையெல்லாம் அந்த நிமிஷம் அவளுக்குக் கைகொடுத்தது.

"சம்பந்திக்கு என்ன நட்சத்திரமுங்க?"

"ரோகிணிங்க. கண்ணன் பொறந்தது" என்றார் வீரபாகு, கோபத்திலும் பெருமையை விடாமல்.

"அதுக்கும் அரபிதானுங்க, அல்தபரான்னு. பின்னாலயே போறவன்னு அர்த்தம். கார்த்திகைப் பொண்ணுங்க ஆறு பேரு முன்னால போவாங்க, அது உடாமப் பின்னாலயே போகுமுங்க."

அதுவரை வெற்றிலை மென்றுகொண்டிருந்த வீரபாகுவின் மனைவி மாரக்காள், மெல்லுவதை நிறுத்தினாள்.

"ஏனுங்க, அந்த ஆறு பேரு யாருங்க?"

வீரபாகு உட்கார்ந்தார். நமக்கெதற்கு நட்சத்திரப் பேச்சு என்று சொல்லி, யாரும் கேட்காமலே உப்பை அள்ளிச் சம்பந்தியின் கையில் வைத்தார். மாசியில் கல்யாணம் நடந்தது. மாரக்காள் இதுவரை ஐந்து பேரைக் கண்டுபிடித்துவிட்டதாகக் கேள்வி.

நாம் அந்த இனமில்லை என்று நீங்கள் சிரிக்கிறீர்கள். நல்லது. ஆனால் இதைப் படிக்கும்போதே, நமக்குத் தெரிந்த திருவாதிரைக்காரர் யார், அவரிடம் எப்போது சொல்லலாம் என்று மனதுக்குள் ஒரு முகத்தைத் தேடினீர்களே, எனக்குத் தெரியாதா?